கண்ணாடி விரியனுக்கு ரசல் பெயர் எப்படி வந்தது? யார் அந்த டாக்டர்?

வயலோரம் | சனி இரவு 9:12

போன வாரம் எங்கள் வயலில் சம்பா அறுப்பு. மிஷின் இறங்குவதற்கு முன்னால் வரப்போரம் கொஞ்சம் கையால் அறுத்து வழிவிட வேண்டும், அதற்காகக் குனிந்திருந்தேன். காலுக்கு மூன்றடி தள்ளி ஒரு சத்தம். குக்கரில் வெயிட் தூக்குவதற்கு முன் நீளமாக ஒரு உஸ் வருமே, அதே மாதிரி, விடாமல். திரும்பிப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்தது போல் கறுப்பு விளிம்பு போட்ட பழுப்பு வட்டங்கள், மூன்று வரிசை. கண்ணாடி விரியனேதான். அரிவாளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் பின்னால் வந்துவிட்டேன், அது தன் பாட்டுக்கு எலி வளை இருக்கும் பக்கம் போய்விட்டது. (யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அடிக்கவில்லை.)

வீட்டில் வந்து சொன்னால், பன்னிரண்டாவது படிக்கும் அக்கா மகன், "மாமா, அது ரசல்ஸ் வைப்பர்" என்றான். யார்டா அந்த ரசல் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாலு ராத்திரி உட்கார்ந்து படித்ததைக் கீழே போடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

பேட்ரிக் ரசல். எடின்பரோக்காரர், வைத்தியம் படித்ததும் அங்கேதான். 1750-ல் சிரியாவிலுள்ள அலெப்போவுக்குப் போகிறார். அங்கே ஆங்கிலேய வியாபாரிகளின் லெவன்ட் கம்பெனிக்கு அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் டாக்டர் (ஒரே அப்பா, வேறு அம்மா). அண்ணன் 1753-ல் ஊர் திரும்பியதும் தம்பிக்கு அந்த வேலை. அப்படியே 20 வருஷம் ஓடிவிடுகிறது. நடுவில் 1760 முதல் 1762 வரை அலெப்போவில் பிளேக். ஊரிலிருந்த ஐரோப்பியர்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடக்க, இவர் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு தெருவில் வந்து நிற்கும் நோயாளிகளைப் பார்த்து மருந்து சொல்லியிருக்கிறார். கொரோனா காலத்தில் எங்கள் ஊர் டாக்டர் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது.

அப்புறம் லண்டனில் கொஞ்ச காலம் பிராக்டிஸ். 1781-ல், ஐம்பது தாண்டிய வயதில், இந்தியா. வேலைக்காகக்கூட வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த தம்பி கிளாடுக்கு விசாகப்பட்டினத்தில் பொறுப்பு கொடுத்திருந்தார்கள், உடம்பு சரியில்லாத தம்பிக்குத் துணையாக வந்தவர் இவர். வந்த இடத்தில் செடி, மீன், பாம்பு என்று இறங்கிவிட்டார். 1785-ல் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த கோனிக் இறந்துபோக, அந்தப் பதவி இவருக்கு வந்தது. கோனிக்கை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், தரங்கம்பாடி மிஷனுக்கு டாக்டராக வந்தவர், உயிரினங்களுக்கு லத்தீனில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம்.

ரசல் எழுதிய பாம்புப் புத்தகம் 1796-ல் லண்டனில் வந்தது. சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகள், ஒவ்வொன்றுக்கும் படம். அந்தப் புத்தகத்தில்தான் நம் கண்ணாடி விரியன் முதல்முறையாக ஒழுங்காக விவரிக்கப்படுகிறது. 1805-ல் லண்டனில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதுதான் நான் தெரிந்துகொண்டது. இப்போது கேள்வி. பாம்பைக் கண்டுபிடித்தவர் என்பதால் அவர் பெயரா, வேறு காரணமா?

பாமரன்72 | சனி இரவு 9:40

"கண்டுபிடித்தவர்" என்ற வார்த்தையைப் பார்த்தாலே எரிகிறது. அந்தப் பாம்பு கடித்து நம் பாட்டன் பூட்டன் ஆயிரம் வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பெயர் இருந்தது, அது எந்த மாசம் குட்டி போடும், எங்கே படுக்கும் என்றெல்லாம் தெரிந்திருந்தது. கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போனான், பாம்பு அவன் பெயருக்குப் பட்டா ஆகிவிட்டது. பாம்பை யாரோ ஒரு கூலிக்காரன் பிடித்துக் கொடுத்திருப்பான். அவன் பெயரில் ஒரு புழுவாவது இருக்கிறதா?

வயலோரம் அண்ணே, உங்கள் மேல் கோபமில்லை. படித்ததை நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள்.

வால்டேர்வாசி | சனி இரவு 10:25

விசாகப்பட்டினத்தில் 19 வருஷமாக இருக்கிறேன், அந்த உரிமையில் நடுவே வருகிறேன்.

பாமரன் சார், உங்கள் கோபம் சரி, ஆனால் ஆள் மாறிப்போச்சு. ரசல் தன் புத்தகத்தில் அந்தப் பாம்புக்குத் தன் பெயரை வைக்கவில்லை. லத்தீன் பெயரும் வைக்கவில்லை. இங்கே இருந்த ஜனங்கள் என்ன சொன்னார்களோ அதை அப்படியே ஆங்கில எழுத்தில் அச்சடித்தார்: "காட்டுக ரேகுல பொட". காட்டுக என்றால் தெலுங்கில் கண்மை. ரேகு என்றால் இதழ். பொட என்பது புள்ளி, அப்படியே இந்த விரியன் வகைக்கும் பெயர், இன்றைக்கும் பொடபாமு என்று சொல்வார்கள். ஆக மை தீட்டிய இதழ்களைப் போலப் புள்ளி கொண்டது என்று வருகிறது. அந்தப் பாம்பின் முதுகை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது. கறுப்பு விளிம்பு மை தீட்டியது போலத்தான் இருக்கும். (இப்போது இங்கே அதிகம் புழங்குவது ரக்தபிஞ்சரி என்ற பெயர். கடித்தால் ரத்தம் கசிவதால்.)

புத்தகம் முழுக்க இப்படித்தான். 1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200-ஐப் பற்றி இரண்டு பாகமாக இன்னொரு புத்தகம் போட்டார், அதிலும் மீனவர்கள் வாயில் இருந்த பெயர்கள்தான்.

ரசல் பெயரை ஒட்டவைத்தது லண்டனில் உட்கார்ந்திருந்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா. இவரும் நாடர் என்ற ஓவியரும் சேர்ந்து கொண்டுவந்த இதழில் 1797-ல் "கொலூபர் ரசலியை" என்று பெயர் சூட்டினார்கள். அதாவது பாம்பைக் கண்ணால் கண்ட டாக்டர் தெலுங்குப் பெயரைக் கொடுத்தார், லண்டன்காரர்கள் டாக்டர் பெயரைக் கொடுத்தார்கள்.

பாமரன்72 | சனி இரவு 10:41

சரி, ஆளை மாற்றிக்கொள்கிறேன். கோபம் அப்படியே இருக்கிறது. தெலுங்குப் பெயர் கப்பலேறி லண்டன் துறைமுகம் வரைக்கும் போச்சு, உள்ளே விடவில்லை. அவ்வளவுதானே?

வால்டேர்வாசி | சனி இரவு 10:58

ஒன்றை உள்ளே விட்டார்கள். ரசல் புத்தகத்தில் "பங்காரம் பாமா" என்று ஒரு பாம்பு. பங்காரம் என்றால் தங்கம். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக இருக்கும் கட்டு விரியன் வகை. அந்தப் பங்காரத்தை வைத்துத்தான் 1803-ல் தோதான் என்ற பிரெஞ்சுக்காரர் "பங்காரஸ்" என்று பேரினப் பெயர் வைத்தார். நம் வீடுகளில் ராத்திரி பாயில் வந்து படுக்கும் கட்டு விரியனும் அதே பேரினம். உலகத்தில் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி அந்தப் பாம்பின் பெயரைச் சொன்னாலும் வாயில் தெலுங்குத் தங்கம் வந்துதான் ஆகவேண்டும்.

இடையில் ஒரு உபரி: கட்டு விரியன் பெயரில் விரியன் இருக்கிறதே தவிர அது விரியன் இனமே இல்லை, நல்ல பாம்புக்குச் சொந்தம். விஷமும் நரம்பைப் பிடிப்பது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நிஜ விரியன்கள், அவை ரத்தத்தைக் கெடுப்பவை.

கரவெட்டியான் | ஞாயிறு காலை 6:30

எங்கட பக்கம் கண்ணாடி விரியனைப் புடையன் எண்டுதான் சொல்லுவம். சிங்களத்தில் தித் பொலங்கா. வயலுக்குப் போற ஆக்களுக்கு நாகத்தைவிடப் புடையனுக்குத்தான் பயம் கூட, ஏனெண்டால் நாகம் படமெடுத்து எச்சரிக்கும், புடையன் வைக்கலோடு வைக்கலாகக் கிடக்கும், மிதிச்ச பிறகுதான் தெரியும்.

வயலோரம் அண்ணைக்குச் சத்தம் போட்டு அறிவிச்சிருக்கு, அதிர்ஷ்டம்தான்.

நாட்டுவைத்தியம் | ஞாயிறு காலை 8:05

ரசலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை எல்லாரும் மறைக்கிறார்கள். அவர் காலத்தில் மதராஸ் ராஜதானி முழுக்கப் பாம்புக் கடிக்குப் பெயர் போன மருந்து "தஞ்சாவூர் மாத்திரை". வெள்ளைக்காரப் பட்டாளமே வாங்கி வைத்திருந்தது. ரசலும் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம்முடைய மருந்து அவர்கள் புத்தகத்தில் ஏறியது என்று ஏன் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை? வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்), பாதரசம், மிளகு, நாவி, நேர்வாளம் எல்லாம் சேர்ந்த மருந்து. சுத்தி (நச்சை நீக்கிப் பக்குவப்படுத்துவது) செய்யத் தெரிந்தவன் கையில் இவை அமிர்தம். தெரியாதவன்தான் விஷம் என்பான்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு காலை 8:20

வரலாறாகப் பேசலாம். அளவு, செய்முறை யாரும் போட வேண்டாம், போட்டால் நீக்கப்படும்.

டூட்டி டாக்டர் | ஞாயிறு மதியம் 1:15

நைட் டூட்டி முடித்து வந்து இப்போதுதான் பார்க்கிறேன். தஞ்சாவூர் மாத்திரை ரசல் புத்தகத்தில் ஏறியது உண்மை. எப்படி ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அதைச் சோதித்துப் பார்த்தார், நம்பகமான மருந்து என்று ஏற்கவில்லை.

மாத்திரை சாப்பிட்டவர்கள் பிழைத்தார்களா என்றால், பலர் பிழைத்தார்கள். ரசல் செய்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். அவருடைய புத்தகத்தில் ஆராய்ந்த பாம்புகள் 43, அதில் விஷ உறுப்பு இருந்தவை 7 மட்டும். மீதி 36-ல் எது கடித்தாலும் மாத்திரை கொடுத்தாலும் பிழைப்பான், மந்திரித்தாலும் பிழைப்பான், தயிர்சாதம் கொடுத்தாலும் பிழைப்பான். விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது, வெறுங்கடி. இருட்டில் கடிவாங்கி வந்தவனுக்கு எந்தப் பாம்பு என்று தெரியாமல் மருந்து கொடுத்து, பிழைத்தவனையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதினால் எந்த மருந்துக்கும் நல்ல பெயர்தான் வரும். "எது விஷம், எது இல்லை" என்பதை முதலில் பிரிக்காமல் "எது மருந்து" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ரசல் பாம்பின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துப் பிரித்தார். அப்புறம் நாயையும் கோழியையும் கடிக்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் என்ன ஆகிறது என்று கடிகாரம் வைத்து எழுதினார். அப்படிப் பார்த்ததில்தான் காட்டுக ரேகுல பொட கொல்வதில் நல்ல பாம்புக்கு அடுத்தது என்று அவருக்குத் தெரிந்தது.

நாட்டுவைத்தியம் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஆர்சனிக்கும் பாதரசமும் சேர்ந்த மாத்திரையைக் கண்ணாடி விரியன் கடித்தவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த விஷம் ஏற்கெனவே சிறுநீரகத்தைத்தான் போட்டுத் தாக்கிக்கொண்டிருக்கிறது. ரசமும் அங்கேதான் போய் உட்காரும்.

பாமரன்72 | ஞாயிறு மதியம் 1:50

கோழியையும் நாயையும் கடிக்கவிட்டு கடிகாரம் பார்த்தது உங்களுக்கு அருமையா டாக்டர்?

டூட்டி டாக்டர் | ஞாயிறு மதியம் 2:30

அழகான காட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு எந்தக் கமிட்டியும் அனுமதி தராது. ஆனால் 1780-களில் அதற்கு மாற்று, கடிவாங்கிய மனிதன் சாகிறானா பிழைக்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். இரண்டில் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாட்டுவைத்தியம் | ஞாயிறு மாலை 4:10

கேட்டுக்கொண்டேன். சுத்தி செய்த ரசம் வேறு, கடை ரசம் வேறு என்பதில் நான் மாறவில்லை. ஆனால் விரியன் கடி என்றால் என் வாசலுக்கு வருகிறவர்களை நானும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன், இருபது வருஷமாக. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். போன இடத்தில் மருந்து ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிய கதையும் என்னிடம் இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம்.

டூட்டி டாக்டர் | ஞாயிறு மாலை 4:45

உங்கள் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. ஆட்டோ பிடித்ததற்கு நன்றி.

மற்றவர்களுக்காக, விரியன் கடி சந்தேகத்தில் நாங்கள் முதலில் செய்வது என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட எளிமையான சோதனை மருத்துவத்தில் குறைவு. புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய். அதில் 2 மில்லி ரத்தம். ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துவிட வேண்டும். அப்புறம் மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் தயிர் மாதிரி நிற்கும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் வேலையைக் காட்டிவிட்டது, உடனே விஷமுறிவு மருந்து, முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துவிடுவதில்லை. அந்த 20 நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, நோயாளியின் மனைவி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், எத்தனை வருஷ சர்வீஸ் ஆனாலும் பழகாது.

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்துத் தூக்கி வாருங்கள், நடக்கவிடாதீர்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2000-த்திலிருந்து 2019 வரை நாட்டில் பாம்புக்கடிச் சாவு சராசரியாக வருஷத்துக்கு 58,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

லேப்ராணி | ஞாயிறு இரவு 8:50

ரசல் பெயரை நான் தினம் சொல்கிறேன், பாம்பைப் பார்த்ததே கிடையாது, அதனால் வருகிறேன்.

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகிறவர்களுக்கும், சின்ன வயதில் காரணமில்லாமல் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடுகிறவர்களுக்கும் டாக்டர்கள் ஒரு டெஸ்ட் எழுதுவார்கள், டி.ஆர்.வி.வி.டி. நீர்த்த ரசல் விரியன் விஷ நேரம் என்று விரித்துச் சொல்லலாம். நோயாளியின் பிளாஸ்மாவில் துளியூண்டு கண்ணாடி விரியன் விஷத்தைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்போம். உடம்பில் ஒருவித எதிர்ப்புப் புரதம் இருந்தால் உறைய நேரமாகும், அதை வைத்துக் கண்டுபிடிப்பது.

எங்கே வேடிக்கை என்றால், டூட்டி டாக்டர் சொன்ன குழாயில் ரத்தம் உறையாததற்குக் காரணமும் இதே விஷம்தான். அந்த விஷம் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளை ஒரேயடியாகத் தூண்டிவிடுகிறது, உடம்புக்குள் கண்டபடி உறைந்து உறைந்து கையிருப்பெல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் உறைய ஒன்றும் மிச்சமிருக்காது. குழாயில் துளி சேர்த்தால் உறையவைக்கும், உடம்பில் இறங்கினால் ஈறிலிருந்து ரத்தம் வரும். 1934-லேயே மாக்ஃபார்லேன், பார்னெட் என்று இரண்டு பேர் லண்டனில் இதை ஹீமோபீலியாக்காரர்களின் (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். அறிமுக வகுப்பில் எங்கள் சார் சொன்னது, மறக்கவில்லை.

இந்த டெஸ்டுக்கு வந்த எத்தனையோ பெண்களுக்கு ரிசல்ட் கொடுத்திருக்கிறேன். பாம்பு விஷத்தில் டெஸ்ட் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஓடிவிடுவார்கள்.

செங்கல்பட்டான் | திங்கள் காலை 7:20

லேப்ராணி மேடம் சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாமரன் முதல் பதிவிலேயே கேட்டாரே, பிடித்துக் கொடுத்தவன் எங்கே என்று. எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பு பாம்புத் தோலுக்காகப் பிடித்துப் பிழைத்தவர்கள், சட்டம் வந்து பிழைப்பு போனதும், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-ல் சங்கம் ஆரம்பித்தார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலையும் பிடித்து விஷம் எடுத்துக் கொடுப்பது. அந்த விஷத்தைக் குதிரையில் ஏற்றித்தான் டாக்டர் சொன்ன குப்பி மருந்து தயாராகிறது.

பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் போய்ப் பார்த்திருக்கிறேன். வரிசையாக மண்பானை, வாயில் துணி கட்டி. உள்ளே பாம்பு. ஒருவர் கொக்கியால் கண்ணாடி விரியனைத் தூக்கி, தலையைப் பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் கடிக்க வைப்பார். மஞ்சள் நிறத்தில் சொட்டு சொட்டாக இறங்கும். கூட்டத்தில் இருந்த எங்கள் ஆசிரியர் மூச்சே விடவில்லை. அவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டே செய்தார். மூன்று நாலு வாரம் வைத்திருந்து நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஓரமாக ஒரு அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பை உடனே திரும்பப் பிடித்துவிடக் கூடாது.

2023-ல் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ. அந்த வரைக்குமாவது பெயர் வெளியே வந்திருக்கிறது.

பாமரன்72 | திங்கள் காலை 9:05

இதைத்தான் கேட்டேன். நன்றி தம்பி.

விசாகப்பட்டினத்தில் அன்றைக்கு ரசலின் பங்களாவுக்குப் பானையில் பாம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது காட்டுக ரேகுல பொட, துரை" என்று சொன்னவனை நினைத்துப் பார்க்கிறேன். விஷமுள்ளது எது என்று அவனுக்குத் தெரிந்திருக்காதா? டாக்டர் பல்லைப் பார்த்துப் பிரித்தார் என்கிறீர்கள். அவன் பல்லைப் பார்க்காமலே பிரித்திருப்பான்.

டூட்டி டாக்டர் | திங்கள் மதியம் 12:40

அவனுக்குத் தெரிந்திருக்கும். சிப்பாய்க்கும் காயத்துக்குக் கட்டுப்போடும் தாலுகா டிரெசருக்கும் தெரியாதே. எழுதிப் படம் போட்டால்தான் அடுத்த ஊர்க்காரனுக்குப் போய்ச் சேரும். பெயர் அநியாயம் என்பதில் உங்களோடு நிற்கிறேன், வேலை வீண் என்பதில் இல்லை.

வால்டேர்வாசி | திங்கள் மதியம் 3:15

பாமரன் சாருக்கு ஒரு செய்தி, அலெப்போ காலத்தது. ரசல் 1768-ல் லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் அரேபியாவில் அம்மை குத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு அந்த விஷயம் தெரியவந்தது ஒரு பெதூவின் (பாலைவன நாடோடி) மூதாட்டி சொல்லி. அங்கே அதற்கு "அம்மை வாங்குதல்" என்று பெயர். குழந்தை கையில் கொஞ்சம் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், மிட்டாய் எடுத்துக்கொண்டு அம்மை கண்டிருக்கும் குழந்தையிடம் போய், இதற்கு எத்தனை முத்து தருவாய் என்று பேரம் பேச வேண்டும். பேரம் படிந்ததும் ஊசியால் குத்திக்கொள்வது. (நாமும் அம்மை முத்து என்றுதானே சொல்கிறோம்!) ஐரோப்பாவில் படித்த டாக்டர், ஒரு கிழவி சொன்னதை உட்கார்ந்து கேட்டு, ஊர் ஊராக விசாரித்து, கிண்டல் செய்யாமல் எழுதினார். விசாகப்பட்டினத்தில் பாம்பின் உள்ளூர்ப் பெயரை மாற்றாமல் போட்டவரும் அதே மனிதர்தான். கம்பெனி கம்பெனிதான், அதில் சந்தேகமில்லை. சாயத்துக்கும் மரத்துக்கும் ஆகும் செடிகளைப் பற்றிப் புத்தகம் போட வேண்டும் என்று கம்பெனிக்கு யோசனை சொன்னதும் ரசல்தான், பிறகு தாவரவியலாளர் ராக்ஸ்பரோ அதைச் செய்தார். அந்த லாபக் கணக்கு இல்லாமல் யார் காசு போட்டுப் பாம்புப் படம் அச்சடித்திருப்பார்கள்?

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. 1804-ல், சாவதற்கு முந்தின வருஷம், எழுபதைத் தாண்டிய கிழவர், சில விஷப்பாம்புகளுக்கு மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறதே, அது என்ன என்று ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். எவரார்டு ஹோம் என்ற சர்ஜன் அறுத்துப் பார்த்துக் குறிப்பு சேர்த்தார். இரையின் உடம்புச் சூட்டை உணரும் உறுப்பு அது என்று உறுதியானது 1930-களில். கேள்வி கேட்டு நூற்று முப்பது வருஷம் கழித்துத்தான் பதில் வந்தது. கண்ணாடி விரியனுக்கு அந்தக் குழி கிடையாது, மூங்கில் குழிவிரியன் மாதிரிப் பாம்புகளுக்குத்தான்.

கரவெட்டியான் | திங்கள் மாலை 6:10

ஒரு சின்னச் சந்தேகம். இணையத்தில் தேடினால் இந்தப் பாம்பின் விலங்கியல் பெயரில் ரசல் என்பதற்குச் சில இடத்தில் ஒரு "எல்", சில இடத்தில் இரண்டு "எல்". எது சரி?

வால்டேர்வாசி | திங்கள் மாலை 6:45

டாக்டர் பெயரில் இரண்டு எல். ஆனால் ஷாவும் நாடரும் 1797-ல் அச்சடித்தபோது ஒரு எல் மட்டும் விழுந்துவிட்டது. முதலில் அச்சான எழுத்துக்கூட்டலே செல்லும் என்பது விலங்கியல் விதி என்பதால் பலர் இன்றைக்கு ஒரு எல்தான் எழுதுகிறார்கள். இப்போது அதற்கு முன்னால் வரும் பேரினப் பெயரான தபோயியா ஹிந்தியிலிருந்து வந்தது, பதுங்குவது என்ற பொருளில்.

பாமரன்72 | திங்கள் மாலை 6:58

துரையின் பெயரையே எழுத்து விட்டு அச்சடித்தார்களா? மனசு கொஞ்சம் ஆறுது.

வயலோரம் | திங்கள் இரவு 9:30

நான் ஒரு கேள்வி கேட்டேன், இவ்வளவு வந்துவிட்டது. அக்கா மகனை உட்காரவைத்து முழு இழையையும் படிக்கச் சொன்னேன், காட்டுக ரேகுல பொட என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிகிறான். முதல் பதிவில் "கண்டுபிடித்தவர்" என்று எழுதியதை விவரித்தவர் என்று மாற்றலாம் என்று பார்த்தேன், மாற்றினால் பாமரன் அண்ணன் பதில் அந்தரத்தில் நிற்கும், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

பக்கத்து வயல் நாளைக்கு அறுப்பு. பழைய ஹவாய்க்குப் பதில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்திருக்கிறேன். சேற்றில் நடக்கவே முடியவில்லை, வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

லேப்ராணி | செவ்வாய் காலை 11:20

டூட்டியில் கிட் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டி மேலேயும் உள்ளே மடித்து வைத்த தாளிலும் ரசல் பெயருக்கு இரண்டு எல். விலங்கியல் பெயர் எங்கேயுமே போடவில்லை.